டிகிரிக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

"காலேஜ் படிப்புக்குக் கொட்டுற காசு திரும்பி வருமா?" என்ற கேள்விக்கு நம்ம ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று: "பி.இ. முடிச்சவன் எல்லாம் பைக்குல சாப்பாடு டெலிவரி பண்ணிட்டு இருக்கான், எதுக்கு இந்தப் படிப்பு?" இன்னொன்று: "எங்க குடும்பத்துல முதல் டிகிரி என்னோடது. அது இல்லைன்னா நான் இன்னிக்கு இந்த இடத்துல இல்லை."

இரண்டுமே உண்மை. இரண்டு பேரும் தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். "டிகிரி" என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு தரமும், வேறு வேறு விலையும், வேறு வேறு ஆபத்தும் உள்ள பல சரக்குகள் இருக்கின்றன. "டிகிரி லாபமா நஷ்டமா" என்று பொதுவாகக் கேட்டால் சராசரிதான் பதிலாக வரும். நம்ம வீட்டுப் பிள்ளை வாங்கப்போவது சராசரியை இல்லை, ஒரு குறிப்பிட்ட காலேஜில் ஒரு குறிப்பிட்ட சீட்டை. அதனால் பொறியியல் படிப்பை எடுத்துக்கொண்டு, கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

எது செலவு?

முதலில் செலவு. ஃபீஸ், புத்தகம், பஸ், லேப்டாப், இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு: அந்த நாலு வருஷம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்தில் 5,76,000 ரூபாய். பல குடும்பங்களுக்கு ஃபீஸைவிட இதுதான் பெரிய தொகை.

மாறாக, சாப்பாட்டுச் செலவு முழுவதையும் படிப்புக் கணக்கில் எழுதக் கூடாது. காலேஜுக்குப் போகாவிட்டாலும் சாப்பிடத்தானே போகிறோம்? வீட்டுச் சாப்பாட்டைவிட ஹாஸ்டலில் எவ்வளவு கூடுதலோ, அதை மட்டும்தான் எழுத வேண்டும்.

கடனோடு போட்டுப் பார்க்கும் கணக்கு

இப்போது கல்விக் கடன். வங்கிகளின் பொதுவான விதிப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதை "வட்டி இல்லாத காலம்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உதாரணத்துக்கு வருஷம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், 10% வட்டி என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் லட்சத்துக்கு 5 வருஷத் தனிவட்டி, இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 3, கடைசிக்கு 2. மொத்த வட்டி 1,40,000. தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். அதை 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,136 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 8.56 லட்சம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தத் தவணை இல்லாத காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று 2009-ல் வந்தது. அதற்கு வருமான வரம்பு உண்டு, காலேஜின் அங்கீகாரம் சார்ந்த நிபந்தனைகளும் உண்டு. கடன் வாங்கும்போதே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு பேரை ஒப்பிடுவோம். வேலைக்குப் போனவர் நாலு வருஷ அனுபவத்துக்குப் பிறகு 16,000 வாங்குகிறார். டிகிரி முடித்தவர் 20,000-க்குச் சேருகிறார். வெளியே பார்த்தால் டிகிரிக்காரருக்கு 4,000 அதிகம். தவணை ஆரம்பித்ததும் அவர் கையில் நிற்பது 12,864 ரூபாய்தான். படிக்காமல் வேலைக்குப் போனவரைவிட 3,136 குறைவு!

அதே டிகிரிக்காரர் 30,000-க்குச் சேர்ந்தால் கதையே வேறு. வித்தியாசம் 14,000. படித்து முடித்ததும் வேலை கிடைத்தால் முதல் வருஷம் தவணையும் இல்லை. அதன்பின் தவணை போக மாதம் 6,864 கூடுதலாக நிற்கும். இழந்த 5,76,000-ஐ ஈடுகட்ட, சம்பள வித்தியாசம் கூடாமலே இருந்தாலும், சுமார் 6 வருஷம் போதும். பிள்ளைக்கு அப்போது வயது 27, 28. மிச்ச முப்பது வருஷ வேலையும் லாபம்தான்.

20,000, 30,000 எல்லாம் நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நான் காட்ட வந்தது ஒன்றுதான்: ஒரே படிப்பு, ஒரே கடன், ஆரம்பச் சம்பளம் மட்டும் மாறினால் முடிவு தலைகீழாகிறது.

காலேஜ் விற்பது என்ன?

பொருளாதார அறிஞர்களிடம் இதில் பழைய சண்டை ஒன்று உண்டு. கேரி பெக்கர் 1964-ல் வெளிவந்த "ஹியூமன் கேப்பிடல்" புத்தகத்தில், படிப்பு என்பது ஒரு மெஷின் வாங்கிப் போடுவது போன்ற முதலீடு என்றார். படித்தால் திறமை கூடும், திறமை கூடினால் சம்பளம் கூடும். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வேறு கோணத்தில் வந்தார். வேலை கொடுப்பவருக்கு யார் திறமைசாலி என்று முன்கூட்டியே தெரியாது. கஷ்டமான ஒரு படிப்பை ஒருவர் முடித்திருந்தால், "இவர் முடிக்கக் கூடியவர்" என்பதற்கு அது ஓர் அடையாளம். படிப்பில் ஒன்றுமே கற்றுக்கொள்ளாவிட்டாலும் அந்த அடையாளத்துக்கு விலை உண்டு. இரண்டு பேருக்குமே பிற்பாடு நோபல் கிடைத்தது (1992, 2001).

யார் சொன்னது சரி? நம்ம கேம்பஸ் இன்டர்வியூ போர்டைப் பாருங்கள். "10, 12, டிகிரி மூன்றிலும் 60%, ஸ்டாண்டிங் அரியர் கூடாது" என்று போட்டிருக்கும். மெக்கானிக்கல் படித்தவரையும் சிவில் படித்தவரையும் எடுத்துச் சாஃப்ட்வேர் கம்பெனிகள் தாங்களே சில மாதம் பயிற்சி கொடுக்கின்றன. அங்கே விலை போனது தெர்மோடைனமிக்ஸ் இல்லை, ஸ்பென்ஸ் சொன்ன அடையாளம். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரிடமும் பாலம் கட்டுகிற இன்ஜினியரிடமும் போனால் பெக்கர் ஜெயிப்பார். ரெண்டும் கலந்துதான் இருக்கிறது, படிப்புக்குப் படிப்பு விகிதம் மாறும்.

அடையாளத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எல்லாரிடமும் இருந்தால் அது அடையாளமே இல்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4%, தமிழ்நாட்டுக்கு 47%. ஒரு சமூகமாக இது பெருமைப்பட வேண்டிய எண், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தனியொருவருக்கு, "நான் டிகிரி" என்பது மட்டும் முன்னைப் போல வாசலைத் திறக்காது என்பதும் இதே எண்ணின் இன்னொரு பக்கம். பத்தாம் வகுப்பு தகுதி போதும் என்கிற குரூப் 4 தேர்வுக்கு இன்ஜினியர்கள் வரிசையில் நிற்பது இதனால்தான்.

முடிக்காத படிப்பு

படிப்பின் பலன் வருஷத்துக்கு வருஷம் சமமாகக் கூடுவதில்லை என்று அமெரிக்கத் தரவுகளை வைத்து ஹங்கர்ஃபோர்டும் சோலனும் 1987-ல் காட்டினார்கள். பட்டம் கைக்கு வரும் கடைசி வருஷத்தில் சம்பளம் ஒரு தாவு தாவுகிறது. அதாவது முக்கால்வாசி படித்தவருக்கு முக்கால்வாசிப் பலன் கிடைப்பதில்லை.

நம்ம ஊர் மொழியில் இதற்குப் பெயர் அரியர். நாலு வருஷமும் ஃபீஸ் கட்டியாகிவிட்டது, கணக்குப் பேப்பர் ரெண்டு நிற்கிறது, பட்டம் கையில் இல்லை. செலவு முழுசு, வரவு பூஜ்யத்துக்குப் பக்கம். வங்கியில் கேட்டு அவகாசம் வாங்கினாலும் வட்டி நிற்காது. தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிவாங்குவது பிள்ளைக்கு மட்டுமில்லை, கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும்தான். நாளைக்குத் தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டால் அங்கே போய் இடிக்கும்.

அதனால் ஒரு டிகிரியின் மதிப்பைக் கணக்கிடும்போது "வேலை கிடைக்குமா" என்பதற்கு முன்னால் "இந்தப் பிள்ளை இதை முடிக்குமா" என்று கேட்கணும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் நன்றாகப் படித்த பிள்ளைகளே முதல் செமஸ்டரின் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தடுக்கி விழுவதை நிறையப் பார்க்கிறோம். அது அறிவுக் குறைவு இல்லை. அந்த முதல் வருஷத்தில் கைகொடுக்கிற காலேஜா என்பதுதான் விஷயம்.

ஒரே பெஞ்ச், இரண்டு விலை

போன வருஷம் எங்க சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி, கவுன்சலிங்ல சிவில்தான் கிடைக்குது. அதே காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் தர்றாங்களாம். சித்தியோட நகையை வெச்சுடலாமா?"

தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65% இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50% இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். மிச்சம் நிர்வாகத்துக்கு. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வருஷக் கட்டணத்தை அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000 முதல் 55,000 என்றும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 முதல் 87,000 என்றும் வைத்தது. இது ரசீதில் வரும் தொகை. ரசீதில் வராததை ஊரே அறியும்.

வாத்தியார் ஒருவர், லேப் ஒன்று, கடைசியில் கைக்கு வரும் சான்றிதழும் ஒன்று. அந்தச் சான்றிதழில் கோட்டா எழுதியிருக்காது. வரவு ஒன்றாகவும் செலவு இரண்டு மடங்காகவும் இருந்தால், ஒரு பக்கத்துக்காரருக்கு நல்ல முடிவாக இருப்பது அடுத்த பக்கத்துக்காரருக்குக் கெட்ட முடிவாகலாம். சித்தப்பாவிடம் நான் சொன்னது: "பையனுக்கு கம்ப்யூட்டர்ல நிஜமாவே ஆசை இருந்தா, கவுன்சலிங்ல இன்னொரு காலேஜ்ல அந்தப் பிரிவு கிடைக்குதான்னு முதல்ல பாருங்க சித்தப்பா. நகை கடைசி."

காலேஜ் பெயருக்கு எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்பதற்கும் ஓர் ஆய்வு உதவும். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல், அமெரிக்காவில் ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்து, சிலர் பெரிய பெயருக்கும் சிலர் சாதாரணக் கல்லூரிக்கும் போனவர்களை ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிதாக வித்தியாசமில்லை. திறமை பிள்ளையோடு போகிறது. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்லூரி கணிசமாக உதவியது. வீட்டில் ஏற்கெனவே தொடர்புகள் உள்ளவருக்கு காலேஜ் புதிதாகத் தருவது கொஞ்சம், இல்லாதவருக்குத் தருவது அதிகம். அது வேறு நாடு, வேறு அமைப்பு. ஆனாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010-ல் நம் அரசு கொண்டுவந்த கல்விக் கட்டணச் சலுகை சரியான இடத்தில்தான் போய்ச் சேர்கிறது என்று இதைப் படித்தபோது தோன்றியது.

நடுவில் இறங்க ஒரு நிறுத்தம்

பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷம் ப்ளஸ் டூ, நாலு வருஷம் பி.இ. மொத்தம் 6. அதே பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருஷம் பாலிடெக்னிக் டிப்ளமோ, அப்புறம் நேரடி இரண்டாம் வருஷத்தில் சேர்ந்து மூன்று வருஷம் பி.இ. அதுவும் 6. காலம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது பாதையில் மூன்றாம் வருஷமே கையில் ஒரு சான்றிதழ் வந்துவிடுகிறது. வீட்டில் ஏதாவது ஆனால் அங்கேயே இறங்கி வேலைக்குப் போகலாம், முடியும்போது மேலே படிக்கலாம். காசு இருக்கிற குடும்பம் ஒரு தடுமாற்றத்தைத் தாங்கும். இல்லாத குடும்பத்துக்கு இந்த நிறுத்தம் பெரிய சொத்து. ஆனாலும் "மார்க் இல்லாதவன்தான் பாலிடெக்னிக் போவான்" என்ற பேச்சை நாம் இன்னும் விடவில்லை.

கணக்கில் வராதது

எல்லாவற்றையும் ரூபாயில் எழுத முடியாது. ஒரு பெண் பிள்ளைக்கு காலேஜ் என்பது பல வீடுகளில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் மூன்று நாலு வருஷம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய், படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கிற வீட்டில் அவள் பக்கம் நின்று பேசும். ஊரில் பேரைச் சொல்லிக் கூப்பிடாதவர்கள் "சார்" என்று கூப்பிடுவதற்கு என்ன விலை போடுவது? இவற்றையெல்லாம் மதிக்கிறேன். அரசு கலைக் கல்லூரியில் வருஷம் சில ஆயிரத்தில் கிடைக்கும் பட்டத்துக்கு நான் யோசிக்கவே மாட்டேன், போய்ச் சேருங்கள் என்பேன்.

கடன் வாங்கித்தான் ஆகணும் என்றால் கையெழுத்துக்கு முன்னால் நாலு விஷயம் பாருங்கள். ஃபீஸ், வட்டி, விட்ட சம்பளம் மூன்றும் சேர்ந்த மொத்தச் செலவு எவ்வளவு? அந்தப் பிரிவில் போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள்? காலேஜ் விளம்பரத்தில் வரும் மிக உயர்ந்த சம்பளத்தை விடுங்க, நடுவில் நிற்கிற மாணவனுக்கு என்ன கிடைத்தது? மாதத் தவணை போனபின் அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? இரண்டாவதும் மூன்றாவதும் காலேஜ் ஆபீஸில் கிடைக்காது. கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் வெளியே டீக்கடையில் நிற்பார்கள். அவர்களைக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.