தோட்டத்தின் அடியிற் செல்லும் சாக்கடை: யாருக்கு என்ன பாத்தியம்?

நம் நாட்டுக் கிரயப் பத்திரங்களில், நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலிய அஷ்டபோகங்களுடன் மனையை விற்றதாக எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மண்ணுக்குள் இருக்கும் புதையலும், நீரும், மரமும், கல்லும் வாங்குவோர்க்கே உரியன என்பது அதன் கருத்து. அதைப் படித்தவர், தம் கொல்லையின் மேற்பரப்பிலும் அடியிலும் பிறர்க்கு யாதொரு சம்பந்தமும் இல்லையென்று எண்ணிக்கொள்வது இயற்கையே. பின்னொரு நாள் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டும்போது மண்வெட்டி ஒரு பழைய சுட்டமண் குழாயின் மேல் மோதுகிறது. அடுத்த வீட்டுக் கழிநீர் பல வருஷங்களாக அதன் வழியே சென்று கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவருகிறது. அதை அடைத்துவிடலாமா? அடுத்த வீட்டார் அதனைச் செப்பனிட நம் தோட்டத்துக்குள் வரலாமா? வந்து வெட்டிய பள்ளத்தை மூடுவது யார் பொறுப்பு? இவற்றை அறியாமையால் வாய்ச்சண்டையில் தொடங்கி நீதிமன்றத்தில் முடியும் விவகாரங்கள் அநேகம்.

இவ்விஷயங்களுக்கு விடையளிப்பது 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்டு சட்டமாகும். அவ்வாண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி அக்காலத்துச் சென்னை ராஜதானியிலும், மத்திய மாகாணத்திலும், குடகிலும் அமுலுக்கு வந்த அச்சட்டம் இன்றளவும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஒரு மனையைச் செவ்வையாக அநுபவிக்கும் பொருட்டு, தனக்குச் சொந்தமல்லாத வேறொரு மனையில் ஒன்றைச் செய்யவோ, அங்கே ஒன்றைச் செய்யாதபடி தடுக்கவோ உள்ள உரிமையே ஈஸ்மெண்டு எனப்படும். வழிநடைப் பாத்தியம், நீர்ப்பாய்ச்சற் பாத்தியம் என்று நம்மவர் சொல்லி வருவன இவ்வகையைச் சேர்ந்தவை. கழிநீரைப் பிறர் நிலத்தின் வழியே போக்கும் பாத்தியமும் இதில் அடங்கும். இந்தப் பாத்தியம் ஆளுக்கு உரியதன்று, மனைக்கு உரியது. ஆதலால் வீடு கைமாறினாலும் பாத்தியம் வீட்டைத் தொடர்ந்தே செல்லும். தோட்டம் கைமாறினாலும் அதன் மேலுள்ள பாரம் தோட்டத்தை விட்டு நீங்காது.

குழாய் பதித்த மண் குழாய்க்காரருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் நிலத்துக்குடையவருடையதே. அவர் அதில் கீரை விதைக்கலாம், பூஞ்செடி வைக்கலாம், மாடு கட்டலாம். பாத்தியத்துக்குக் குறைவு உண்டாக்கும் காரியம் ஒன்றை மட்டும் அவர் செய்தலாகாது. குழாயின் மேல் சுவர் எழுப்பினால் செப்பனிட வழி அடைபடும். வேர் பரவும் மரத்தை அதன்மேல் நட்டால் குழாயே விரிந்து போகும். இவையெல்லாம் குறைவு உண்டாக்கும் காரியங்களே. ஆனால் குழாய்க்காரருக்காகத் தோட்டக்காரர் எதையும் உழைத்துச் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். சட்டத்தின் 27-ஆம் பிரிவில் கொடுக்கப்பட்டுள்ள உதாரணமே இதுதான்: ஒருவருக்குப் பிறர் நிலத்தின் வழியே சாக்கடை விட உரிமையிருந்தால், அச்சாக்கடையைத் துப்புரவு செய்யும் கடமை நிலத்துக்குடையவரைச் சாராது.

துப்புரவு செய்வதும் செப்பனிடுவதும் யார் வேலை என்பதற்கு 24, 25, 26-ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பாத்தியத்தை முழுமையாக அநுபவிப்பதற்கு வேண்டிய செயல்களைச் செய்யக் குழாய்க்காரருக்கு உரிமையுண்டு. தோட்டத்துக்குள் நுழையலாம், மண்ணைத் தோண்டலாம், குழாயை மாற்றலாம். ஆனால் தோட்டக்காரருக்கு இயன்ற அளவு குறைந்த தொந்தரவு உண்டாகும் வேளையிலும் முறையிலும் அதைச் செய்யவேண்டும். தோண்டிய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வரவும் வேண்டும். செலவு முழுவதும் குழாய்க்காரருடையது. குழாயைச் செப்பனிடாமல் விட்டதால் தோட்டத்துக்கு நஷ்டம் உண்டானால், அதற்கும் அவரே ஈடு கொடுக்கவேண்டும். குழாய் கசிந்து அடுத்த தோட்டத்துக் கிணற்று நீர் கெட்டுப்போனால் இந்த 26-ஆம் பிரிவு எவ்வளவு பயனுள்ளதென்று சொல்லத் தேவையில்லை. கிணற்றில் மாசு கலக்குமாறு அறிந்தே கழிநீர் விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது.

மேற்படி 24-ஆம் பிரிவின் மற்றொரு உதாரணம் இக்காலத்துக்கென்றே எழுதினாற் போலிருக்கிறது. ஒருவருடைய ஜலதாரை பிறர் நிலத்தின் வழியே சென்று பொதுச் சாக்கடையில் சேருகிறது. பொதுச் சாக்கடையை மாற்றி அமைத்துவிடுகிறார்கள். அப்போது ஜலதாரைக்குடையவர் அந்நிலத்தில் புகுந்து, புதிய சாக்கடைக்குத் தக்கபடி தம் ஜலதாரையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நிலத்தின் மேல் அதிகப்படியான பாரம் ஏறக்கூடாது. நம் ஊர்களில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வரும்போது இந்நிலைமை ஏற்படுகிறது. வீதியின் மட்டம் மாறுகிறது, இணைப்புத் தொட்டி இடம் மாறுகிறது, பழைய குழாயின் சாய்வு போதாமற் போகிறது. அப்போது பழைய தடத்திலேயே ஆழத்தை மாற்றிக்கொள்வது ஒன்று, தோட்டத்தின் நடுவே புதுத் தடம் வெட்டுவது வேறொன்று. முன்னது பெரும்பாலும் உரிமைக்குள் அடங்கும். பின்னதற்குத் தோட்டக்காரரின் சம்மதம் பெறுவதே முறை.

அதிகப்படியான பாரம் என்பதை இன்னும் சற்று விளக்குவோம். ஒரு குடும்பத்தின் கழிநீருக்காக ஏற்பட்ட குழாயில், அவ்வீட்டை இடித்துப் பத்து அறைகள் கொண்ட விடுதி கட்டி அத்தனை பேருடைய கழிநீரையும் விட முடியாது. தம் மனையில் மாறுதல் செய்வதொன்றாலேயே பாத்தியத்தைப் பெரிதாக்கிக்கொள்ள இயலாதென்பது 29-ஆம் பிரிவு. அவ்வாறு மிகுதியாக உபயோகித்தால், தோட்டக்காரர் தம் நிலத்துக்குள்ளேயே அந்த மிகுதியைத் தடுக்கலாம். ஆனால் நியாயமான அளவும் சேர்ந்து தடைபடுமாயின் அப்படித் தடுத்தலாகாது. மிகுதி நீரும் நியாய நீரும் ஒரே குழாயில் கலந்துதானே வருகின்றன! ஆகையால் சாக்கடை விஷயத்தில் இந்தச் சுயவுதவி ஏட்டளவில் நிற்பதே அதிகம், நீதிமன்றமே வழி. குழாய்க்காரருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. தோட்டக்காரர் அக்கிரமமாக அடைத்துவிட்டாலும் தாமே சென்று அடைப்பை இடித்துத் தள்ள 36-ஆம் பிரிவு இடந்தரவில்லை. வழக்கிட்டுத் தடையுத்தரவும் நஷ்ட ஈடும் பெறவேண்டும். இரு திறத்தாரும் கடப்பாறையுடன் வேலியருகே நிற்பதைத் தவிர்ப்பதற்கே சட்டம் இவ்வாறு செய்தது போலும்.

இனி, இத்தகைய பாத்தியம் எவ்வாறு உண்டாகிறது? பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது ஒரு வழி. இருபது வருஷ காலம் வெளிப்படையாகவும், அமைதியாகவும், இடையீடின்றியும், உரிமையென்றே அநுபவித்து வருவது மற்றொரு வழி. மூன்றாவதே நம் குடும்பங்களில் மிகுதியாகக் காண்பது. தந்தை கட்டிய வீட்டை மூத்தவரும் இளையவரும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். மூத்தவருக்கு முன்கட்டு, இளையவருக்குப் பின்கட்டும் கொல்லையும். முன்கட்டின் கழிநீர் கொல்லையின் அடியே போய்க்கொண்டிருக்கிறது. பாகப்பத்திரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இருந்தபோதிலும், அந்த ஜலதாரை வெளிப்படையானதும், இடையறாது பயன்படுவதும், முன்கட்டை முன்போல் அநுபவிக்க அவசியமானதுமாயிருந்தால், வேறு விதமான கருத்து பத்திரத்தில் இல்லாதபோது 13-ஆம் பிரிவின்படி மூத்தவருக்கு அந்தப் பாத்தியம் தானே வந்து சேருகிறது. மண்ணுக்குள் புதைந்திருப்பது வெளிப்படையானது ஆகுமா என்று கேட்கலாம். விஷயமறிந்தவர் கவனித்துப் பார்த்தால் தெரியக்கூடியதெல்லாம் வெளிப்படையானதே என்று சட்டம் கொள்ளுகிறது. தொட்டியின் மூடி, தரையின் சரிவு, வீதியோரத்துத் திறப்பு ஆகியவை அதற்குப் போதுமான அடையாளங்கள்.

வாய்ச்சொல்லால் கொடுத்த அநுமதி இவற்றினின்றும் வேறானது. “அண்ணே, உங்கள் கொல்லை வழியாக ஒரு குழாய் போட்டுக்கொள்ளட்டுமா?” என்று ஒருவர் கேட்க, “போட்டுக்கொள் தம்பி, அதனாலென்ன” என்று மற்றவர் சொல்லிவிடுகிறார். இது பாத்தியமன்று, வெறும் அநுமதியே. அநுமதியின்மேல் எத்தனை ஆண்டு அநுபவித்தாலும் அது உரிமையென்று அநுபவித்ததாகாது. அநுமதி கொடுத்தவர் அதனைப் பின்வாங்கிக்கொள்ளலாம். அதை நம்பிப் பணம் செலவிட்டு நிலையான வேலை செய்திருந்தால் மாத்திரம் பின்வாங்க முடியாதென்று 60-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அண்ணன் தோட்டத்தை விற்றுவிட்டாலோ, 59-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் வாங்கினார் என்ற காரணத்தால் அவ்வநுமதிக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். அன்பினால் கிடைத்த குழாய்வழி, தோட்டம் அந்நியர் கைக்குப் போனவுடன் கேள்விக்குள்ளாகிவிடும். வீட்டின் கழிநீர் முழுவதும் அவ்வழியே போகிறதென்றால், இதன் விபரீதத்தை நினைத்துப் பார்க்கவேண்டும்.

தனியார் குழாயைப்பற்றி இதுகாறும் கூறினோம். பொதுச் சாக்கடையின் நிலை வேறு. இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், ஸ்தல ஸ்தாபனத்தார் நியாயமான முன்னறிவிப்பை எழுத்து மூலம் கொடுத்துத் தனியார் நிலத்தின் வழியே சாக்கடை கொண்டுபோகலாமென்றும், சாக்கடையின்மேல் அவர்கள் சம்மதமின்றிக் கட்டிடம் எழுப்பலாகாதென்றும் விதித்தது. நம் நகராட்சிச் சட்டங்களும் அந்தப் போக்கையே தழுவின. இங்கே சம்மதம் தேவையில்லை. முன்னறிவிப்பும் நஷ்ட ஈடுமே குடிகளுக்குள்ள காப்பு. முன்னறிவிப்புக் கடிதத்தை வாங்க மறுத்துத் திருப்பியனுப்புவோர் அந்தக் காப்பையே இழக்கிறார்கள். வாங்கிக்கொண்டு, எந்தத் தடம், என்ன ஆழம், எந்த மரங்கள் போகும் என்று எழுத்தில் கேட்பதே புத்திசாலித்தனம்.

எரிவாயுக் குழாய்க்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. அதன்படி சர்க்கார் எடுத்துக்கொள்வது நிலத்தையன்று, உபயோகிக்கும் உரிமையை மட்டுமே. அறிவிப்பு வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள் ஆக்ஷேபம் தெரிவிக்கலாம். உண்டான சேதத்துக்கு ஈட்டுடன், நில மதிப்பில் நூற்றுக்கு 10 வீதமும் கொடுக்கப்படும். ஆனால் அத்தடத்தில் கட்டிடமோ, கிணறோ, குளமோ, மரமோ கூடாது. கொச்சியிலிருந்து பெங்களூர் செல்லும் குழாய்க்காகக் கோயமுத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரையுள்ள ஏழு ஜில்லாக்களில் 2013-ஆம் ஆண்டு எழுந்த எதிர்ப்பும், 2016-இல் உச்ச நீதிமன்றம் வேலையைத் தொடர இடங்கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். தென்னையையும் கிணற்றையும் நம்பிய குடியானவருக்கு “உபயோக உரிமை மட்டுமே” என்ற சொல் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

நுழையும் உரிமையைப்பற்றிப் பேசும்போது ஒன்றைக் கூறாமல் விடுவதற்கில்லை. தோட்டத்துச் சாக்கடைத் தொட்டியைச் செப்பனிடும் உரிமை எவருக்கு இருந்தாலும், அதற்குள் ஒரு மனிதனைக் காப்புச் சாதனமின்றி இறக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்து, முதற் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறையும் இரண்டு லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் விதித்துள்ளது. தொட்டியில் தேங்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளை மயக்கிவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் உடன் மடிந்த சம்பவங்கள் மிகப்பல. வேலையை அமர்த்துவோர் அடுத்த வீட்டாராயினும் தோட்டக்காரராயினும், உறிஞ்சும் வண்டியைக் கொண்டே செய்விக்கவேண்டும். ஆகவே வண்டி வந்து நிற்பதற்கும், அதன் நீண்ட குழாய் தொட்டி வரை எட்டுவதற்கும் வழிவிட்டுக் கொல்லையை அமைத்துக்கொள்வது இரு வீட்டாருக்கும் நல்லது.

மனை வாங்குவோர் வில்லங்கச் சான்று ஒன்றையே நம்பலாகாது. பதிவான பத்திரங்களே அதில் வரும். இருபது வருஷ அநுபவத்தால் வந்த ஜலதாரையும், பாகப்பிரிவினையில் தானே வந்ததும் அதில் தெரியா. கொல்லையைச் சுற்றி வந்து தொட்டி மூடிகளை எண்ணி, அண்டை வீட்டுக் கழிநீர் எங்கே செல்கிறதென்று விசாரிப்பது அரைமணி வேலை. பழைய குழாயொன்று இருக்கக் கண்டால், அது பாத்தியமா அநுமதியா என்று விற்பவரையும் அண்டை வீட்டாரையும் கேட்டு, கிரயத்துக்கு முன்பே எழுத்தில் வரையறுத்துக்கொள்ளலாம். தடத்தின் அகலம், குழாயின் ஆழம், எந்த வீட்டின் எவ்வளவு கழிநீர், செப்பனிட வருமுன் எத்தனை நாள் அறிவிப்பு, மண்ணை மூடித் தரையைச் சமன் செய்யும் பொறுப்பு ஆகியவற்றைச் செக்குபந்தியின் கீழேயே எழுதி, அளவிட்ட படம் ஒன்றையும் இணைத்துப் பதிவு செய்துவிட வேண்டும்.