லிங்கன்ஸ் இன் முற்றத்தில் என்ன நடக்கிறது?

சத்தம் போடாமல் வாருங்கள். 1850-களின் தொடக்கம், லண்டன். கறுப்பு அங்கி வக்கீல்கள் நடமாடும் லிங்கன்ஸ் இன் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்களே, அந்த இருவரைக் கவனியுங்கள். அமைதியாக நடப்பவர் ஆர்தர் கேலி. சொத்துப் பத்திரங்கள் எழுதிப் பிழைக்கும் வக்கீல். படபடவென்று பொரிந்து தள்ளுபவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர். கேம்பிரிட்ஜ் தேர்வில் இரண்டாம் இடம் வாங்கியும், யூதர் என்பதால் பட்டம் கிடைக்கவில்லை அவருக்கு.

கட்சிக்காரர் விவகாரம் பேசுகிறார்களா? அதுதான் இல்லை. அல்ஜீப்ரா!

அப்படி என்ன ரகசியம் என்கிறீர்களா? எக்ஸ் வர்க்கம் + 6 எக்ஸ் + 5. நடு எண்ணை வர்க்கமாக்கி, கடைசி எண்ணின் நாலு மடங்கைக் கழியுங்கள்: 36 − 20 = 16. இப்போது எக்ஸ் இருந்த இடத்திலெல்லாம் 'எக்ஸ் + 1' போட்டு விரியுங்கள். எக்ஸ் வர்க்கம் + 8 எக்ஸ் + 12 வரும். மறுபடி அதே கணக்கு: 64 − 48. அட, அதே 16! வேஷம் மாறியும் ஆள் மாறவில்லை. இப்படி அசையாமல் நிற்பவைதான் இன்வேரியன்ட்கள். 1841-ல் இதற்கான முதல் பொறியைப் பற்றவைத்தவர் ஜார்ஜ் பூல். ஆமாம், கம்ப்யூட்டர்காரர்கள் தினமும் பெயர் சொல்கிறார்களே, அதே பூல்தான்!

பெயர் வைப்பதில் சில்வெஸ்டருக்குத் தனி வெறி. இன்வேரியன்ட், டிஸ்கிரிமினன்ட், ஜேக்கோபியன், ஹெஸ்ஸியன் எல்லாம் அவர் சூட்டியவை. 'கேட்டலெக்டிகன்ட்' என்றுகூட ஒன்று உண்டு. நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பல்ல. தன்னைக் கணிதத்தின் ஆதாம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கேலியும் ஒருமுறை சறுக்கினார். ஐந்தாம் படிக் கோவைக்கு இன்வேரியன்ட் போன்ற அடிப்படை உருக்கள் (மற்றதெல்லாம் இவற்றிலிருந்தே பிறக்கும்) எண்ணி மாளாது என்று 1856-ல் எழுதிவிட்டார். 1868-ல் வந்தார் ஜெர்மானியர் பால் கோர்டன். எந்தப் படியானாலும், இரண்டு மாறிகள் என்றால் பட்டியல் முடிந்தே தீரும் என்று கணக்குப் போட்டே காட்டினார். ஐந்தாம் படிக்கு மொத்தம் 23, அவ்வளவுதான்! இவர் கட்டுரைகளில் வார்த்தையே இல்லாமல் இருபது பக்கம் சூத்திரமாகவே ஓடுமாம். நடுவில் வாக்கியங்களைச் செருகுவது நண்பர்கள் வேலை என்றும் ஒரு பேச்சு.

மூன்று மாறிகள், நான்கு மாறிகள் என்று போனால்? இருபது ஆண்டுகள் ஆளாளுக்கு முட்டி மோதினார்கள். 1888-ல் டேவிட் ஹில்பர்ட் என்ற இளைஞர் ஒரே போடாகப் போட்டார். எத்தனை மாறிகள் இருந்தாலும் பட்டியல் முடியும்; ஆனால் பட்டியலை மட்டும் காட்ட மாட்டார்! "சாவி வீட்டுக்குள்தான் இருக்கிறது, சத்தியம்" என்று சொல்லிவிட்டுத் தேடாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? கோர்டன் கொதித்தார். 'இது கணிதமல்ல, இறையியல்' என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, ஹில்பர்ட்டின் கட்டுரை பரிசீலனைக்கு வந்தபோது அவர் முரண்டு பிடித்தது நிஜம். கடைசியில் என்ன ஆச்சு தெரியுமா? அதே தேற்றத்துக்கு எளிய நிரூபணம் ஒன்றைக் கோர்டனே எழுதினார்!

ஆனாலும் பழக்கம் விடுமா? 1907-ல் அவரிடம் முனைவர் பட்டம் முடித்த மாணவி மூன்று மாறிகள் கொண்ட நான்காம் படிக் கோவைக்கு 331 உருக்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் எம்மி நோதர். பின்னாளில் ஹில்பர்ட் பக்கம் சாய்ந்து அல்ஜீப்ராவையே புரட்டிப் போட்டவர், அந்த ஆய்வேட்டைச் சுத்தக் குப்பை என்று சொல்லிவிட்டார்!