சாலையோரப் பாத்தி

நெடுஞ்சாலையை ஒட்டிய கீரைப் பாத்தியில் ஓர் இலையைப் பறித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். கருப்பாக ஒட்டும். வெறும் மண் தூசியல்ல அது. டயரும் பிரேக்கும் தேய்ந்த பொடியும் அதில் சேர்ந்திருக்கிறது. இலையைக் கழுவிவிடலாம். மண்ணில் விழுந்ததை என்ன செய்வது?

டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். டயரின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அதுதான். துத்தநாகத்தோடு கலப்படமாகக் காட்மியமும் துளியளவு வரும். பிரேக் தேய்ந்தால் செம்பு உதிரும். ஈயம் பழைய பாக்கி. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல்தான் நின்றது. அதுவரை புகையோடு வந்து படிந்த ஈயத்தைக் களியும் மக்கும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மழை அதை எளிதில் கீழே இறக்குவதில்லை. உழாத நிலத்தில் மேலே சில சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கும். பொதுவாகச் சாலையிலிருந்து முதல் ஐந்து, பத்து மீட்டரில்தான் இவை மிகுதி. அதற்கப்பால் மளமளவென்று குறைந்துவிடும்.

இதை விவசாயி எப்படி அறிவார்? 2015-இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைச் சொல்கிறது. துத்தநாகமும் செம்பும் அதில் உண்டு, பயிருக்கான சத்துகளாக. டயர் தூசியில் வந்த துத்தநாகமும் அங்கே 'போதுமானது' என்ற நல்ல சேதியாகிவிடும். ஈயமும் காட்மியமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. மாதிரி எடுக்கும் முறையும் அப்படித்தான்: வயலில் பல இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலக்கிறோம். உரக் கணக்குக்கு அது சரியான முறை. ஆனால் சாலையோரக் கீற்றின் கதை அந்தக் கலவையில் கரைந்துபோகிறது.

எனக்குக் கூடுதல் கவலை நீலகிரி போன்ற மலைத் தோட்டங்களைப் பற்றி. அமில மண்ணில் காட்மியம் இளகி வேருக்கு எளிதில் எட்டும். இறக்கத்தில் வண்டிகள் பிரேக் பிடித்தபடியே வருகின்றன. பக்கத்திலேயே கேரட் விளைகிறது. அங்கே சுண்ணாம்பும் தொழுவுரமும் இட்டு அமிலத்தைத் தணித்தால் உலோகம் மண்ணோடு கட்டுப்படும்.

சமவெளியிலும் கீரையையும் கிழங்கையும் வயலின் உட்பக்கம் தள்ளிவைக்கலாம். ஓரத்தில் நொச்சியோ கிளுவையோ அடர்ந்த வேலியாக நின்றால் தூசியில் ஒரு பகுதியைத் தடுக்கும். அந்தக் கீற்றில் மாட்டுத் தீவனம் மட்டும் வேண்டாம். அடுத்த முறை மண் பரிசோதனைக்குப் போகும்போது முதல் பத்து மீட்டர் மண்ணைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு போய், ஈயமும் காட்மியமும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.