புல்லட்டுக்கு மூன்று வயிறு!

மாட்டுக்கு நாலு வயிறு என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். பழைய புல்லட்டுக்கு மூன்று. என்ஜினுக்கு ஒன்று, கிளட்ச்சும் பிரைமரி செயினும் குடியிருக்கும் இடதுபக்க டப்பாவுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிச் சாப்பாடு. ஆள் மாற்றிப் பரிமாறினால் வண்டி கோபித்துக்கொள்ளும். அதுவும் வீட்டு வாசலில் கோபிக்காது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முப்பதாவதில்தான் கோபிக்கும்.

நான் சொல்வது திருவொற்றியூரில் தயாரான அந்தக்கால காஸ்ட் அயர்ன் என்ஜின் புல்லட்டை. 2009க்குப் பிறகு வந்த கிளாசிக் வகையறாக்களில் மூன்று வீட்டையும் இடித்து, ஒரே ஆயில் ஓடும் கூட்டுக் குடித்தனமாக்கிவிட்டார்கள். அவற்றுக்கு கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பதை ஊற்றிவிட்டு, நீங்கள் பக்கத்தைப் புரட்டி ஜோக் படிக்கப் போகலாம். அப்பாவின் புல்லட்டைத் தூசி தட்டி, பொங்கல் லீவில் ஊர் சுற்றக் கிளம்பும் ஆசாமிகள் மட்டும் கொஞ்சம் இருங்கள்.

எனக்குத் தெரிந்த பாங்க் குமாஸ்தா ஒருவர் அப்படித்தான் கிளம்பினார். பின் சீட்டில் மனைவி. இன்னொரு வண்டியில் பின்னால் நான். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆயில் கடையில் போய், “இருக்கிறதிலேயே காஸ்ட்லி எது?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சந்தோஷமாக, புது மாடல் கார்களுக்கு ஊற்றுகிற ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். என்ஜினுக்கும் அதுவே, கிளட்ச் டப்பாவுக்கும் அதுவே.

காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வேடிக்கை ஆரம்பமானது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. சில ஆபீஸ்களில் ஃபைல் நகர்கிற மாதிரி! ஒரு வளைவில் நின்றே போய், மெதுவாகப் பின்பக்கம் உருள ஆரம்பித்தது. பின்னால் பஸ். அந்தம்மா சட்டென்று குதித்து, ரோட்டோரத்துக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். குமாஸ்தா இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

சேந்தமங்கலத்திலிருந்து வந்த மெக்கானிக், கிளட்ச் டப்பாவைத் திறந்து, ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க சார், பிளேட்டு ஒண்ணோட ஒண்ணு கவ்வுனாத்தானுங்க வண்டி போவும்? நீங்க அதுக்கு வெளக்கெண்ணெய் தடவி வெச்சிருக்கீங்க!”

விஷயம் அவ்வளவுதான். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்க மருந்து கலப்பார்கள். காருக்கு நல்லது, அதன் கிளட்ச் ஆயிலில் முங்கிக் கிடப்பதில்லை. புல்லட் கிளட்ச் முங்கிக் கிடக்கிறது. எனவே டப்பாவின் முதுகைத் திருப்பி ‘ஜாஸோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘எம்.பி.’ என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. வட்ட முத்திரையில் ‘எனர்ஜி கன்சர்விங்’, ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று பெருமையடித்தால் அதையும் கார்க்காரரிடமே விட்டுவிடுங்கள். பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி, எம்.ஏ. போட்ட 20டபிள்யூ-50ஐ ஊற்றியதும் வண்டி முனகாமல் மலை ஏறியது. அந்த டப்பாவுக்குச் சிலர் பவர் ஸ்டியரிங்கில் ஊற்றுகிற ஏ.டி.எஃப். ஆயிலை விடுகிறார்கள். கிளட்ச் நன்றாகவே பிரிகிறது. ஆனால் அதை என்ஜின் பக்கம் காட்டிவிடாதீர்கள்.

என்ஜினுக்கு வருவோம். 20டபிள்யூ-50இல் டபிள்யூ என்பது வின்டர். குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்று சொல்வது முன் நம்பர். நூறு டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்வது பின் நம்பர். மார்கழிக்கே மப்ளர் சுற்றுகிற நம் ஊரில் முன் நம்பரைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பின் நம்பர்தான் உயிர். காற்றில் ஆறுகிற என்ஜின் இது. மலையில் முதல் கியரில் ஊர்ந்தால் காற்றும் கிடையாது. உள்ளே பிக் எண்டில் உள்ள புஷ் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. படலம் கிழிந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். ஓடுகிற வேகத்தில் என்ஜின் இறுகினால் பின்சக்கரம் அப்படியே நிற்கும். அதற்கப்புறம் செலவு வண்டிக்கு மட்டும் இல்லை. பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. அங்கே அது வெறும் சதவிகிதம்!

என் ஓட்டு சாதாரண மினரல் 20டபிள்யூ-50க்குத்தான். விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றி, பழைய கேஸ்கெட் வழியாகச் சொட்டுச் சொட்டாக ரோட்டுக்குத் தானம் செய்வதைவிட, மலிவானதை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது மேல்.

கியர் பாக்ஸ் கதை தனி. அங்கே ‘90’ ஆயில். ‘ஐம்பதே கெட்டியாச்சே, தொண்ணூறா?’ என்று மிரள வேண்டாம். செருப்பு நம்பரும் சட்டை நம்பரும் ஒன்றா? கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். அதன் 90, என்ஜின் ஆயிலின் நாற்பது ஐம்பதுக்குப் பக்கத்தில்தான் வரும். வித்தியாசம் மருந்தில். பற்கள் நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் சரக்கு இதில் உண்டு, அதனால்தான் இ.பி. என்று பெயர். ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று இரண்டு ரகம் கிடைக்கும். நாலை வாங்குங்கள். ஐந்தில் கந்தக மருந்து தூக்கல். உள்ளேயிருக்கும் வெண்கல புஷ்ஷைப் பதம் பார்க்கலாம். வலதுகால் கியர் உள்ள பழைய நாலு கியர் பெட்டியில், ஒழுகுகிறதே என்று கெட்டி கிரீஸை அடைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பற்கள் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெறுமனே சுற்றும். கூழ் மாதிரி ஓடுகிற கிரீஸ் என்றால் சரி.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாதக்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் டாங்கிலிருந்து மெல்ல இறங்கி, கிராங்க் இருக்கும் அறையில் தேங்கிவிடும். குச்சியை விட்டுப் பார்த்தால் காலி என்று காட்டும். பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் உள்ளதெல்லாம் மேலே வந்து, மிச்சம் ப்ரீதர் குழாய் வழியாக உங்கள் பாண்ட்டில் அபிஷேகம். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் பாருங்கள். கிளட்ச் டப்பாவுக்குக் குச்சி கிடையாது. லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கசியும்வரை ஊற்றி மூட வேண்டியதுதான்.

கடைசியாக, ஆயிலை சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். காலியானதும் அதில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கி எறியுங்கள். இல்லாவிட்டால் அதே டப்பா, வேறு எதையோ வயிறு நிறையக் குடித்துவிட்டு, அடுத்த மாதம் உங்கள் கைக்கே திரும்பி வரும்.