நாவலில் இல்லாத குளம்

1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை ஆண்ட்ரூ டேவிஸ் ஆறு பாகங்களாக வகுத்தெழுத, பி.பி.சி. அதை 1995 செப்டம்பர் 24 முதல் ஞாயிற்றுக்கிழமை இரவுதோறும் ஒளிபரப்பிய நாட்களில், பிரிட்டனில் ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார்கள். நான்காம் பாகத்தில், குதிரைச் சவாரியின் புழுக்கம் தீரத் தன் எஸ்டேட்டின் குளத்தில் குதித்தெழுந்த கதாநாயகன் டார்சி, ஈரச் சட்டை மார்போடு ஒட்டியிருக்க, முன்பு தன்னை மணக்க மறுத்த நாயகி எலிசபெத்தின் எதிரே அகஸ்மாத்தாக வந்து நிற்கிறான். தேசமே இக்காட்சியைப் பற்றிப் பேசிற்று. தொடர் முடியுமுன்பே கடைக்கு வந்த வீடியோ நாடாக்கள் மளமளவென்று விற்றன. படம்பிடித்த இடமான செஷயர் லைம் பார்க் மாளிகைக்கு ஜனங்கள் யாத்திரையாகக் கிளம்பினார்கள். நூலை வரிவரியாக அறிந்த ரசிகர்கள் மட்டும் மனம் நொந்தார்கள்: நாவலில் டார்சி குளிக்கவேயில்லை!

அவர்கள் சொன்னது வாஸ்தவம். ஆயினும், பெரும்பாலும் எலிசபெத்தின் கண்வழியே கதை சொல்லும் ஆஸ்டின், டார்சியின் உள்ளத்தை நெடுநேரம் மூடியே வைத்து, அவன் கடிதத்தாலும் பிறர் வாய்ச்சொல்லாலும் சிறிது சிறிதாகத் திறக்கிறாரேயன்றி, அவன் தனிமையில் தவித்ததை நமக்கு ஒருபோதும் காட்டுவதில்லை. காமிராவுக்கோ முகம் வேண்டும், தேகம் வேண்டும். ஆகவேதான் டேவிஸ், வாட்பயிற்சி செய்து களைக்கும் டார்சியையும், இரவு முழுதும் கடிதம் எழுதும் டார்சியையும், குளத்தில் குதிக்கும் டார்சியையும் புதிதாகச் சிருஷ்டித்தார். அது துணிவான காரியம். சரியான காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில், அந்தச் சந்திப்பின் ஜீவன் சட்டையில் இல்லை. நாவலில் இருவர் முகமும் சிவக்க, ஊரிலிருந்து எப்போது புறப்பட்டாள், இங்கே எத்தனை நாள் தங்குவாள் என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் தடுமாறுகிறான் டார்சி. தொடரில் அந்தத் தடுமாற்றம் அப்படியே இருக்கிறது. டார்சியாக நடித்த காலின் ஃபர்த், எலிசபெத்தாக நடித்த ஜெனிஃபர் ஈலிடம் அவள் தாய் தந்தையரின் தேக சௌக்கியத்தை விசாரிக்கிறார். நலமே என்று விடை வருகிறது. தங்கியிருக்கும் இடத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசுகிறார். பிறகு, சட்டையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, தாய் தந்தையரின் சௌக்கியத்தை மறுபடியும் விசாரிக்கிறார்.