எடையா, வடிவமா? கார்பன் சக்கரத்தின் கணக்கு

விலை உயர்ந்த கார்பன் சக்கரம் ஒன்றை யார் கையில் கொடுத்தாலும் முதலில் தூக்கித்தான் பார்ப்பார்கள். ஒற்றை விரலில் தொங்கவிட்டு, "இவ்வளவுதானா?" என்று வியப்பார்கள். வியப்பு நியாயமானதே. பந்தய சைக்கிளுக்கான நல்ல கார்பன் சக்கர ஜோடி 1,400 கிராம் அளவில் இருக்கும். சாதாரண அலுமினிய ஜோடி 1,900 கிராம் வரை வரும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறவர், அந்த அரைக் கிலோ குறைவதற்காகவே பணம் தருவதாக நம்புகிறார். இயற்பியலின் கணக்கு வேறு. அந்தச் சக்கரம் தரும் வேகத்தில் எடைக்குச் சிறு பங்குதான். பெரும்பங்கு ரிம்மின் வடிவத்துக்கு. அதைத் தூக்கிப் பார்த்து அறிய முடியாது.

அரைக் கிலோ என்ன தரும்?

பிரான்ஸில் ஆல்ப் டுயெஸ் என்ற மலைப்பாதை இருக்கிறது. 13.8 கிலோமீட்டர் நீளம், சராசரியாக நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல பயிற்சியுள்ள ஒருவர் அதை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. அதில் 500 கிராம் குறைந்தால், மொத்த எடையில் குறைவது 0.6 சதவீதம். மலையேற்றத்தில் உழைப்பின் பெரும்பகுதி புவியீர்ப்புக்கே போவதால், நேரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ஒரு மணி நேரத்தில் 20 விநாடி மிச்சம்.

சுழலும் பாகத்தின் எடைக்கு இரட்டை மதிப்பு என்று சைக்கிள்காரர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ரிம்மில் உள்ள எடை முன்னோக்கியும் நகர்கிறது, சுற்றியும் வருகிறது. ஆகவே, வேகமெடுக்கும்போது அதற்கு இரு மடங்கு ஆற்றல் தர வேண்டும். ஆனால், அந்த ஆற்றல் எவ்வளவு? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 80 கிலோ நிறையின் இயக்க ஆற்றல் சுமார் 4,900 ஜூல். 500 கிராம் முழுவதும் ரிம்மின் விளிம்பிலேயே இருந்தாலும் அதன் பங்கு 62 ஜூல்தான். நிலையான வேகத்தில் ஓட்டும்போது இந்த வேறுபாடும் மறைந்துவிடும். எடைக் குறைப்பு வீண் அல்ல. ஆனால், அதற்குத் தரப்படும் மதிப்பு மிக அதிகம்.

காற்றுக்குப் போகும் உழைப்பு

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக ஓட்டுகிறவருக்குச் சுமார் 300 வாட் திறன் தேவை. அதில் 260 வாட்டுக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. டயர் உருளும் தடைக்கு மீதியில் பெரும்பகுதி போகும். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு திறன் வேண்டும்.

இந்தக் காற்றில் சக்கரத்தின் நிலை தனியானது. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. சக்கரத்தின் உச்சிப் புள்ளியோ 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறது. வண்டியின் வேறு எந்தப் பாகமும் இவ்வளவு வேகமாகக் காற்றைச் சந்திப்பதில்லை. மேற்பகுதியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியும் காற்றைக் கடைந்துகொண்டே போகிறது. கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, அவற்றைத் தட்டையாக்குவது, ரிம்மை உயர்த்திக் கம்பியின் நீளத்தைச் சுருக்குவது: வேகச் சக்கரத்தின் வடிவமைப்பு இந்த மூன்றில்தான் தொடங்குகிறது.

நல்ல வடிவமுள்ள, 50 மில்லிமீட்டர் உயர ரிம் கொண்ட ஜோடி, சாதாரண ஜோடியைவிட 10 வாட் மிச்சம் தருவதாகக் கணக்கிடுவோம். 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தவருக்குச் சுமார் 40 விநாடி குறையும். மலையில் அரைக் கிலோ தந்ததைப் போல இரண்டு மடங்கு!

மெதுவாக ஓட்டுகிறவருக்கு இது பயனில்லை என்று நினைக்க வேண்டாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மிச்சம் இரண்டரை வாட்டாகச் சுருங்கும். ஆனால், அவர் அதே தூரத்தை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டுகிறார். எனவே, விநாடிக் கணக்கில் அவருக்கு மிச்சமாவது வேகமானவரைவிடக் கூடுதல்.

முன்பாதி, பின்பாதி

உயரமான ரிம் என்றால் போதுமா? இல்லை. தொடக்ககால உயர ரிம்கள் கத்திமுனைபோல உட்புறம் கூராக இருந்தன. காற்றைப் பிளக்கக் கூர்மைதான் வேண்டும் என்ற எண்ணம் அதற்குக் காரணம். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஹெட், அவருடைய கூட்டாளி ராபர்ட் ஹாக் இருவரும் இந்த எண்ணத்தை மாற்றினார்கள்.

அவர்கள் கவனித்தது இதுதான். சக்கரத்தின் முன்பாதியில் காற்று முதலில் டயரைச் சந்திக்கிறது. டயரைத் தாண்டி, ரிம்மின் உட்புற விளிம்பு வழியே வெளியேறுகிறது. பின்பாதியில் எல்லாம் தலைகீழ். அங்கே காற்று முதலில் ரிம்மின் உட்புற விளிம்பில் மோதி, பிறகு டயர் வழியே விலகுகிறது. ஆகவே, ஒரே ரிம் இரு திசைகளிலும் நல்ல முகமாக இருந்தாக வேண்டும். உட்புறம் கூராக இருந்தால் முன்பாதிக்கு உதவும், பின்பாதிக்குக் கெடுதல். உட்புறத்தை உருட்டி, பக்கங்களைச் சற்றே புடைக்கச் செய்தால் இரண்டுக்கும் பொருந்தும். இன்று கடைகளில் காணும் பெரும்பாலான கார்பன் ரிம்கள் இந்தச் சிந்தனையின் வாரிசுகளே.

டயரும் இதில் பங்காளி. ரிம்மைவிட டயர் அகலமாகப் பிதுங்கி நின்றால், காற்று டயரிலிருந்து பிரிந்து சுழலத் தொடங்கிவிடும். ரிம்மின் வடிவத்தால் பயன் இருக்காது. அமெரிக்கப் பொறியாளர் ஜோஷ் போர்ட்னர் இதற்கு ஓர் எளிய விதியைப் பரவலாக்கினார்: ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைப் போல 105 சதவீதமாவது இருக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் டயருக்கு 29.4 மில்லிமீட்டர் ரிம்.

பக்கக் காற்று அடுத்த சிக்கல். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கவாட்டில் 10 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், ஓட்டுகிறவருக்குக் காற்று நேர் எதிரிலிருந்து 14 டிகிரி சாய்ந்து வருகிறது. உயரமான ரிம் அப்போது பாய்மரமாக வேலை செய்து, தடையைக் குறைக்கும். அதே பாய்மரம் முன்சக்கரத்தின் திசையையும் பிடித்து இழுக்கும். வடிவம் சரியில்லாத ரிம்மில் இந்த இழுப்பு திடீரென்று கூடிக் குறைவதால் ஹேண்டில்பார் வெட்டும். பலமான பக்கக் காற்றுக்குப் பெயர்போன ஹவாய்த் தீவின் அயன்மேன் போட்டியில், கம்பிகளுக்குப் பதில் முழுத் தட்டாக அமைந்த சக்கரங்களுக்கு நெடுங்காலம் தடை இருந்தது இதனால்தான். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காகப் போகிறது; கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். அங்கே ஓட்டுகிறவர்கள் முன்சக்கரத்துக்கு 60 மில்லிமீட்டர் ரிம் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

கார்பன் எதற்கு?

வடிவம்தான் முக்கியம் என்றால் அலுமினியத்திலேயே செய்யலாமே? செய்யலாம். ஆனால், 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு அலுமினிய ரிம் செய்தால் எடை ஏறிவிடும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். கார்பன் இழையின் அடர்த்தி 1.8 கிராம் அளவில்தான். வேண்டிய வடிவத்தை எடை கூடாமல் தருவதே கார்பனின் உண்மையான கொடை.

இழையின் பிறப்பு வியப்புக்குரியது. கம்பளித் துணிக்குப் பதிலாகப் பயன்படும் அக்ரிலிக் நூலின் உறவான பாலிஅக்ரிலோநைட்ரைல்தான் மூலப்பொருள். அதை முதலில் 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில் காற்றில் பதப்படுத்தி, பிறகு நைட்ரஜன் சூழலில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மற்ற அணுக்கள் வெளியேறிக் கார்பன் மட்டும் மிஞ்சும். ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தினரும் 1960களில் இந்த வழியை வளர்த்தார்கள். ஜப்பானின் டோரே நிறுவனம் 1971இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான்.

இழையின் வலிமை அது ஓடும் திசையில் மட்டுமே. ஆகவே, எப்பாக்ஸி பிசின் தோய்ந்த இழைத் துணிகளைத் துண்டுகளாக வெட்டி, எந்த இடத்தில் எந்தத் திசையில் விசை வருமோ அதற்கேற்ப அச்சுக்குள் அடுக்குகிறார்கள். பிறகு உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்து, வெப்பத்தில் இறுகவைக்கிறார்கள். இன்றும் இந்த அடுக்கும் வேலை பெரும்பாலும் மனிதக் கைகளால்தான் நடக்கிறது.

ரிம் தாங்கும் விசையும் சாமானியமானதல்ல. கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான இழுவையில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். 24 கம்பிகள் சேர்ந்து ரிம்மை உள்நோக்கி இழுக்கும் மொத்த இழுவை 2.4 டன்! நாம் ஏறி உட்காரும்போது, தரைக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் இழுவை குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விறைப்பான கார்பன் ரிம் இந்தச் சுமையை அதிகக் கம்பிகளுக்குப் பகிர்வதால், 32 கம்பிகளின் வேலையை 24 அல்லது 20 கம்பிகள் செய்கின்றன. கம்பி குறைந்தால் காற்றைக் கடைவதும் குறையும்.

வெப்பமும் விரிசலும்

கார்பனுக்கு ஒரு பலவீனம் வெப்பம். 80 கிலோ நிறை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது 785 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்கு. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்கில் அந்த வெப்பம் ரிம்மிலேயே இறங்கும். அலுமினியம் அதை விரைவாகப் பரப்பிவிடும். கார்பன் ரிம்மில் பிசின் வெப்பத்தைக் கடத்தாது. எல்லை மீறினால் இளகும். நீண்ட மலை இறக்கங்களில் ரிம் சேதமடைந்த காலம் உண்டு. மழையில் பிரேக் பிடிக்கத் தாமதிப்பதும் பெரிய குறை. டிஸ்க் பிரேக் வந்தபின் வெப்பம் உலோகத் தட்டுக்குப் போயிற்று. கார்பன் ரிம்முக்கு வடிவம் மட்டுமே வேலையாயிற்று.

இன்னொரு பலவீனம் அது உடையும் விதம். அலுமினிய ரிம் குழியில் மோதினால் வளையும். கடையில் கோட்டம் எடுத்துவிடலாம்; முடியாவிட்டாலும் வளைவு கண்ணுக்குத் தெரியும். கார்பன் வளையாது, விரிசல் விடும். உள்ளடுக்குகள் பிரிந்திருந்தாலும் மேற்பரப்பு நன்றாகவே தோன்றலாம்.

பாரிஸ் தந்த பாடம்

சக்கரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், காற்றுத் தடையின் பெரும்பகுதி ஓட்டுகிறவரின் உடம்பிலிருந்தே வருகிறது. 1989 ஜூலை 23 அன்று இது உலகறிய நிரூபணமானது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசிக் கட்டம், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டம். பிரான்ஸின் லோரான் ஃபிஞோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். முன்னும் பின்னும் முழுத் தட்டுச் சக்கரங்கள் பூட்டியிருந்தார். ஆனால் தலைக்கவசம் இல்லை, குடுமி காற்றில் பறந்தது. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் பின்சக்கரத்துக்கு மட்டும் தட்டு போட்டிருந்தார். நீள்வடிவத் தலைக்கவசம் அணிந்து, முன்னே நீண்ட ஹேண்டில்பாரில் முழங்கைகளை ஊன்றி உடம்பை ஒடுக்கிக்கொண்டார். அவர் 58 விநாடி வேகமாக வந்து, 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார். அன்று இருவரின் உடல் நிலையும் வேறுபட்டிருந்தது உண்மை. ஆனாலும், அதன் பிறகு அத்தகைய ஹேண்டில்பார் இல்லாமல் சமதளத் தனிநபர் ஓட்டத்துக்கு அநேகமாக யாரும் வருவதில்லை.

வாங்கும் முன்

கார்பன் சக்கரம் ஏமாற்று அல்ல. அது தரும் வேகம் உண்மையானது, அளக்கக்கூடியது. ஆனால், செலவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உடம்பை ஒடுக்கி உட்காரப் பழகுங்கள், அது இலவசம். அடுத்து உடம்போடு ஒட்டிய சட்டை. பிறகு நல்ல டயர். அதன் பின்புதான் சக்கரம்.

சக்கரம் வாங்கும்போது எடையைக் கடைசியில் கேளுங்கள். ரிம்மின் உயரம், வெளி அகலம், உங்கள் டயரின் அகலம், உங்கள் பாதையில் வீசும் காற்று ஆகியவற்றை முதலில் பாருங்கள். டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம் என்றால், அதற்கு ஏற்ற டயரை மட்டும் போடுங்கள். காற்றழுத்தம் 5 பாரை, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. ஐஎஸ்ஓ 4210 பாதுகாப்புத் தரத்தில் சோதிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். பெயர் தெரியாத மலிவுச் சக்கரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பள்ளத்தில் பலமாக மோதினால், அடுத்த முறை ஏறும் முன் ரிம் முழுவதையும் துடைத்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். ஐயம் இருந்தால் அந்தச் சக்கரத்தில் ஏறாதீர்கள்.