தோட்ட வாசலோடு நின்ற பங்கு

மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டி ஹாபு பக்கம் திரும்பினால் சரிவெல்லாம் தேயிலை. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் இங்கேதான். ஒரு காலத்தில் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். இன்று இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வெட்டும் இயந்திரத்தை நிரைமேல் நகர்த்திப் போகிறார்கள். பின்னால் நீளப் பை உப்பி, கொழுந்தால் கனக்கிறது. செங்குத்துச் சரிவில் மட்டும் கத்தரி. பிடிக்கும் கைகள் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவை.

இந்தத் தோட்டங்களுக்கு வெளியே பார்த்தால், வறுமை ஒழிப்பில் மலேசியாவுக்குக் கிடைத்த நல்ல பெயர் நியாயமானதுதான். 1969 மே இனக் கலவரத்துக்குப் பின், 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பாராமல் வறுமையைப் போக்குவது, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது என இரண்டு நோக்கங்கள். தீபகற்பத்தில் 1970-ல் 49.3 சதவீதமாக இருந்த வறுமை, 1990-ல் 15 சதவீதத்துக்கு வந்தது. வளர்ச்சி மட்டும் இதைச் செய்யவில்லை. 1956-ல் உருவான ஃபெல்டா, நிலமற்றவர்களுக்கு ரப்பர், செம்பனை நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்குச் சாலை, தண்ணீர், மின்சாரம், மருந்தகம் போயின.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராம வளர்ச்சிப் பணம் அதன் வாசலோடு நின்றுவிட்டது. ஃபெல்டா நிலமும் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்களுக்கே போனது. தொழிலாளர் வசித்த லயத்தில் குழாயும் விளக்கும் முதலாளியின் மனத்தைப் பொறுத்தவை. கொள்கையின் இரண்டாவது நோக்கமும் தோட்டத் தமிழர்களைத் தொடவில்லை: நிறுவனப் பங்குகளில் இந்தியர் கையில் 1970-ல் இருந்தது ஏறத்தாழ ஒரு சதவீதம், 1990-லும் அவ்வளவே. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் பட்டது எந்தச் சதவீதக் கணக்கிலும் வராது. எனக்கு அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்), 2025-ல் 1,700. இது நிலத்தையோ இனத்தையோ கேட்காமல் நேராகச் சம்பளச் சீட்டுக்கு வருகிற பங்கீடு. நாற்பது ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். வந்தபோது, தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போயிருந்தார்கள்.

மலையிலேயே தங்கிவிட்ட பெரியவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேமநிதி சம்பளத்தின் விகிதத்தில்தான் சேரும். நாள்கூலிக் காலத்துச் சம்பளத்தில் சேர்ந்த பணத்துக்குத் மலையிலுள்ள தானா ராத்தா ஊரில் ஒரு வீடு கிடைக்காது.